கேட்கக் கற்றுத்தந்த பயிற்சி: அவசர மருத்துவ அழைப்பு கையாளுநர் வகுப்பு குறித்த மதிப்புரை

அவசர மருத்துவ உதவி கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகளை ஏற்று, நோயாளியைக் கண்ணால் காணாமலேயே அவருடைய நிலையின் தீவிரத்தை மதிப்பிடும் பணிக்கான ஆறு வாரப் பயிற்சியை முடித்துவிட்டு, அதன்பின் மூன்று மாதங்கள் மேற்பார்வையின் கீழ் பணியாற்றிய நிலையில் இதை எழுதுகிறேன். பயிற்சி முடிந்த கையோடு எழுதியிருந்தால் இது முழுக்க முழுக்கப் பாராட்டாகவே அமைந்திருக்கும். ஹெட்செட் மாட்டி உண்மையான அழைப்புகளைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான், வகுப்பில் கற்றவற்றுள் எவை கைகொடுக்கின்றன, எவற்றை அங்கே சொல்லித்தராமல் விட்டார்கள் என்பது தெளிவாயிற்று.

எங்கள் குழுவில் 12 பேர் இருந்தோம். மருத்துவப் பின்னணி எவருக்கும் தேவையில்லை என்று சேர்க்கையின்போதே சொல்லிவிட்டார்கள். முதல் இரண்டு வாரம் வகுப்பறைப் பாடம், அடுத்த இரண்டு வாரம் கணினித் திரையில் கேள்வித் தொடரைப் பின்பற்றி மாதிரி அழைப்புகளைக் கையாளுதல், கடைசி இரண்டு வாரம் அனுபவமுள்ள கையாளுநர் ஒருவரின் அருகில் அமர்ந்து அழைப்புகளைச் செவிமடுத்தல் என்று பயிற்சி பிரிக்கப்பட்டிருந்தது. பயிற்றுநர்கள் இருவர். ஒருவர் அவசரப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய செவிலியர். மற்றவர் ஆம்புலன்ஸில் பல ஆண்டுகள் மருத்துவ உதவியாளராக ஓடியவர். அழைப்பின் இரு முனைகளையும் அறிந்தவர்களாக அவர்கள் இருந்தது இந்தப் பயிற்சியின் முதல் பலம்.

இந்தத் துறையைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். அழைப்பை ஏற்பவர் தம் மனத்தில் தோன்றும் கேள்விகளையெல்லாம் கேட்டுவிட்டு ஊகத்தின் பேரில் வண்டி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் மருத்துவர் ஜெஃப் கிளாசன், எந்தப் புகாருக்கு எந்தக் கேள்விகளை எந்த வரிசையில் கேட்பது, எந்தப் பதிலுக்கு எந்த அளவு உதவியை அனுப்புவது, வண்டி வந்து சேரும்வரை என்னென்ன செய்யச் சொல்வது என்பதையெல்லாம் அட்டைகளாக எழுதி வகுத்தார். பல நாடுகளில் இன்று பயன்படும் முன்னுரிமை முறை அந்த அட்டைகளிலிருந்து வளர்ந்தது. இங்கிலாந்தில் அவசர உதவிக்கான 999, உயிராபத்தில்லாத மருத்துவ உதவிக்கான 111 ஆகிய எண்களுக்கு வரும் மருத்துவ அழைப்புகளில் பெரும்பகுதிக்குப் பயன்படும், அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையின் என்.எச்.எஸ். பாத்வேஸ் முறை வேறு வழியில் உருவானது. ஆனால் மருத்துவம் படிக்காத ஒருவர், சோதித்துப் பார்த்த கேள்விகளின் துணையோடு, பின்னால் மருத்துவப் பணியாளர்களின் ஆதரவோடு பாதுகாப்பான முடிவை எட்ட முடியும் என்ற அடிப்படை இரண்டிலும் ஒன்றே. எங்கள் பயிற்சியும் அந்த அடிப்படையில்தான் நடந்தது.

முதல் நாளின் முதல் பாடம் முகவரி. நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு முன்பே, எங்கே இருக்கிறார் என்று கேட்க வேண்டும். கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். அழைத்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாதியில் தொடர்பு அறுந்து போனாலும் வண்டியை எங்கே அனுப்புவது என்பது தெரிந்திருக்கும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்தப் பாடத்திற்கு அரை நாளுக்கும் மேல் ஒதுக்கினார்கள். கைப்பேசி தானாக அனுப்பும் இருப்பிடத் தகவலை நம்பலாமே என்று எங்களில் ஒருவர் கேட்டதற்கு, அடுக்குமாடிக் கட்டடத்தில் அந்தப் புள்ளி எந்த மாடியைக் காட்டும் என்று செவிலியர் திருப்பிக் கேட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் பாடத்தைக் குறைத்து மதிப்பிடவில்லை.

பயிற்சியின் மிகச் சிறந்த பகுதி மூச்சைப் பற்றியது. இந்த ஒரு பாடத்துக்காகவே இந்தப் பயிற்சியை எவருக்கும் பரிந்துரைப்பேன். ஒருவர் திடீரென்று விழுந்துவிட்டார் என்று அழைப்பு வந்தால், நினைவு இருக்கிறதா, இயல்பாக மூச்சு விடுகிறாரா என்ற இரண்டு கேள்விகளுக்கான பதில்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இரண்டுக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால், மேலும் கேள்வி கேட்காமல் மார்பை அழுத்தச் சொல்லித்தரத் தொடங்க வேண்டும். இங்கே பெரிய ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. இதயம் நின்றுபோன சில நிமிடங்களுக்குப் பலரிடம் விட்டு விட்டு வரும் ஏக்க மூச்சு காணப்படும். குறட்டை போலவும், முனகல் போலவும், மீன் வாய் திறப்பது போலவும் அது இருக்கும். பதற்றத்தில் இருக்கும் உறவினர் அதைப் பார்த்துவிட்டு, ‘மூச்சு விடுகிறார்’ என்று முழு நம்பிக்கையோடு சொல்வார். அந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டால், உயிர் காக்கக்கூடிய நிமிடங்கள் வீணாகிவிடும். இதயத் துடிப்பு ஒழுங்கிழந்து நின்றவருக்கு மார்பு அழுத்தமோ மின்னதிர்வோ கிடைக்காமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க அவர்கள் கற்றுத்தந்த உத்தி எளிமையானது. ‘அவர் ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் என்னிடம் “இப்போது” என்று சொல்லுங்கள்’ என்று கேட்டுவிட்டு, நாம் அமைதியாக நொடிகளை எண்ண வேண்டும். வகுப்பில் ஒரு பதிவை ஒலிக்கவிட்டார்கள். முதல் ‘இப்போது’ வந்தது. நாங்கள் காத்திருந்தோம். 11 நொடிகளுக்குப் பிறகுதான் இரண்டாவது வந்தது. அந்த இடைவெளியில் வகுப்பறையில் நிலவிய அமைதியை நான் மறக்கவில்லை. பணியில் சேர்ந்த இரண்டாம் வாரத்தில் இந்த உத்தி எனக்கு நேரடியாகப் பயன்பட்டது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

மார்பு அழுத்தத்தைச் சொல்லித்தரும் பயிற்சியும் அதே தரத்தில் இருந்தது. மார்பின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்பதை முதலுதவி படித்த பலரும் அறிவார்கள். நடுங்கும் குரலில் அழுதுகொண்டிருக்கும் ஒருவரைத் தொலைபேசி வழியாக அதைச் செய்ய வைப்பது வேறு கலை. எங்களுள் ஒருவரைத் தரையில் கிடக்கும் பொம்மையின் அருகே உட்காரவைத்து, மற்றொருவர் அடுத்த அறையிலிருந்து குரல் மட்டுமே கொண்டு அவரை வழிநடத்த வேண்டும் என்று செய்தார்கள். ‘கையை வையுங்கள்’ என்று நான் சொன்னேன். எந்தக் கையை, எங்கே, எப்படி என்று அவருக்கு விளங்கவில்லை. கண்ணால் பார்த்துச் சொல்வதற்கும் பார்க்காமல் சொல்வதற்கும் உள்ள தூரத்தை அன்றுதான் உணர்ந்தேன். கட்டிலிலிருந்து தரைக்கு இறக்கச் சொல்வது, தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைக்கச் சொல்வது, உரக்க எண்ணிக் கூடவே வருவது என்று ஒவ்வொன்றையும் வாக்கியம் வாக்கியமாகப் பயின்றோம்.

அலறும் அழைப்பவரை எப்படி நிலைக்குக் கொண்டுவருவது என்பதற்கும் நல்ல பதில் கிடைத்தது. ‘அமைதியாக இருங்கள்’ என்று சொல்வதால் எவரும் அமைதியடைவதில்லை. ஒரே வாக்கியத்தை, அதே சொற்களில், அதே தொனியில், குரலை உயர்த்தாமல் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். கூடவே அதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். ‘அம்மா, உங்கள் பிள்ளைக்கு உதவ வேண்டுமானால் நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள்’ என்று மூன்றாம் முறையோ நான்காம் முறையோ சொல்லும்போது எதிர்முனையில் அழுகை தணிந்து பதில் வருவதை நானே கேட்டிருக்கிறேன்.

பக்கவாதம், தீக்காயம், கடும் இரத்தப்போக்கு, மூச்சுக்குழாய் அடைப்பு, வழியிலேயே நிகழும் பிரசவம் ஆகியவற்றுக்கான பாடங்கள் முறையாகவும் விரைவாகவும் முடிந்தன. பக்கவாத அழைப்பில், ‘எப்போது தொடங்கியது’ என்று கேட்பதோடு ‘கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்’ என்றும் கேட்க வேண்டும் என்று வலியுறுத்தியது எனக்குப் பிடித்திருந்தது. தூக்கத்திலிருந்து எழும்போதே வாய் கோணியிருப்பவருக்குத் தொடக்க நேரம் யாருக்கும் தெரியாது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் தரப்படுவது என்பதால், கடைசியாக நன்றாக இருந்த நேரமே மருத்துவருக்குப் பிடிமானம். தீக்காயத்தின் மேல் 20 நிமிடம் ஓடும் நீர் ஊற்ற வேண்டும் என்பது போன்ற அறிவுரைகள் திரையிலேயே வரும் என்பதால் அவற்றில் அதிக நேரம் செலவிடாதது சரியே.

இனி என் குறைக்கு வருகிறேன். இந்தப் பயிற்சி கேள்வி கேட்க அருமையாகக் கற்றுத்தருகிறது. பதிலைக் கேட்கப் போதிய அளவு கற்றுத்தரவில்லை. வகுப்பில் எங்களுக்குக் கிடைத்த மாதிரி அழைப்புகளில் பெரும்பாலானவை உரத்த குரலில் வந்தவை. விழுந்துவிட்டார், நினைவில்லை, இரத்தம் கொட்டுகிறது, வலிப்பு வந்துவிட்டது என்று எவருக்கும் ஐயமில்லாத நிலைகள் அவை. ஆனால் உண்மையான பணியில் மிகுதியாக வருபவை, தணிந்த குரலில், தொந்தரவு செய்வதற்கு மன்னிப்புக் கேட்டபடி, ‘பெரிதாக ஒன்றுமில்லை, ஆனாலும் ஒரு முறை கேட்டுவிடலாம் என்று…’ எனத் தொடங்கும் அழைப்புகள். உடனே வண்டி அனுப்ப வேண்டியதா, சில மணி நேரத்தில் மருத்துவரைப் பார்த்தால் போதுமா, வீட்டிலேயே கவனித்துக்கொள்ளலாமா என்று தரம் பிரிப்பதில் தவறு நேர்வது இங்கேதான்.

அதோடு, கேள்வித் தொடர் ஆங்கிலத்தில் உருவாகித் தமிழுக்கு வந்தது என்பதால், தமிழில் மக்கள் தம் உடலைப் பற்றிப் பேசும் விதத்தைப் பாடத்திட்டம் அநேகமாகக் கண்டுகொள்ளவே இல்லை. ‘மயக்கம்’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தலை சுற்றுவதும் மயக்கம். கண் இருட்டிக்கொண்டு வருவதும் மயக்கம். நினைவிழந்து கிடப்பதும் மயக்கம். ‘அப்பா மயக்கமாக இருக்கிறார்’ என்று மகள் சொன்னால், அவர் நாற்காலியில் சாய்ந்து பேசிக்கொண்டிருக்கிறாரா, எழுப்பினால் எழாமல் கிடக்கிறாரா என்பது அந்தச் சொல்லிலிருந்து தெரியாது. திரையில் ‘நினைவு இருக்கிறதா’ என்ற கேள்விக்கு ‘மயக்கம்’ என்ற பதிலை எந்தக் கட்டத்தில் பதிவது? ‘இழுப்பு’ என்று சிலர் சொல்வது ஆஸ்துமாவின் மூச்சிரைப்பு. வேறு சிலருக்கு அது கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பு. இரண்டுக்கும் திரையில் முற்றிலும் வேறான பாதைகள் உள்ளன. ‘ஜன்னி’ என்றால் சிலருக்குக் காய்ச்சலில் பிதற்றுவது, சிலருக்குக் காய்ச்சலில் வரும் வலிப்பு.

இவற்றுள் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்யும் சொல் ‘வாயு’. நெஞ்சில் ஏற்படும் அழுத்தத்தை ‘வாயுப் பிடிப்பு’ என்றும், மேல்வயிற்று எரிச்சலோடு வரும் மாரடைப்பை ‘அஜீரணம்’ என்றும் அழைப்பவர்கள் தாங்களாகவே முடிவு செய்துவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறார்கள். மாரடைப்பு எல்லோருக்கும் மார்பைப் பிளக்கும் வலியாக வருவதில்லை. குறிப்பாகப் பெண்களிடமும் முதியவர்களிடமும் நீரிழிவு உள்ளவர்களிடமும் வியர்வை, குமட்டல், தாடையிலோ முதுகிலோ பரவும் கனம், காரணமற்ற களைப்பு என்ற அளவிலேயே அது வெளிப்படலாம். நான்காம் வாரத்தில் நடந்த மாதிரி அழைப்பு ஒன்றில், ‘சாப்பிட்டதிலிருந்து வாயு பிடித்துக்கொண்டது’ என்று சொன்னவரை நான் வயிற்றுக் கோளாறு என்ற பாதையில் கொண்டுபோய், மறுநாள் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி முடித்தேன். கேள்விகளை வரிசை மாறாமல் கேட்டிருந்தேன். ஆனால் ‘எங்கே பிடித்திருக்கிறது, கையால் தொட்டுச் சொல்லுங்கள்’ என்று ஒரு வாக்கியம் கேட்டிருந்தால், அவர் நெஞ்சின் நடுவைத் தொட்டிருப்பார் என்று பயிற்றுநர் பிறகு விளக்கினார். அது பயிற்சி என்பதால் எவருக்கும் தீங்கில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தத் தவற்றுக்குப் பிறகு பயிற்றுநர் தந்த விளக்கம் பாடநூலின் எந்தப் பக்கத்திலும் இல்லை என்பதுதான் என் முறையீடு. அழைப்பவர் நோயின் பெயரைச் சொன்னால் அதை மரியாதையோடு கேட்டுக்கொண்டு, ‘உடம்பில் என்ன செய்கிறது என்று சொல்லுங்கள்’ என்று மீண்டும் அறிகுறிக்கே அழைத்து வர வேண்டும் என்பது அவருடைய அனுபவத்திலிருந்து வந்தது. இப்படிப்பட்ட நூறு சொற்களையாவது திரட்டி, ஒவ்வொன்றுக்கும் என்னென்ன பொருள் இருக்கலாம், எந்தத் துணைக் கேள்வியால் பிரித்தறியலாம் என்று ஒரு கையேடு தயாரிப்பது பெரிய காரியமன்று. கேள்வித் தொடரின் சொற்களைக் கையாளுநர் தன்னிச்சையாக மாற்றக் கூடாது என்ற விதியை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். அந்தச் சொற்கள் பல முறை சோதிக்கப்பட்டவை. பதிலைத் தெளிவுபடுத்திக்கொள்வதற்கான கேள்விகளுக்கு அந்த விதி தடையில்லை என்பதால், அதைக் கற்றுத்தராமல் விடுவதற்குக் காரணமும் இல்லை.

தணிந்த அழைப்புகளில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, சொல்லப்படாதவை. மூச்சுத் திணறலுக்கு அழைக்கும் ஒருவர் ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கிறாரா, இரண்டு சொல்லுக்கு ஒரு முறை நிறுத்துகிறாரா என்பது அவர் தரும் எந்தப் பதிலையும்விட முக்கியமானது. ஆஸ்துமா முற்றிய குழந்தையின் மூச்சுச் சத்தம் குறைந்துவிட்டால், அது நலமடைந்துவிட்டது என்று பெற்றோர் எண்ணக்கூடும். களைத்துப்போய்க் காற்றே உள்ளே செல்லாத நிலையிலும் சத்தம் அடங்கும். கருவுற்றிருக்கக்கூடிய பெண் அடிவயிற்று வலியோடு தோள்பட்டை முனையிலும் வலி என்று சொன்னால், கருப்பைக்கு வெளியே தங்கிய கரு வெடித்து உள்ளே இரத்தம் கசிவதன் அறிகுறியாக அது இருக்கலாம். முதுகுவலிக்காக அழைப்பவர், சிறுநீர் போவதே தெரியவில்லை என்பதைக் கூச்சத்தால் கடைசியில்தான் சொல்வார். இவை ஒவ்வொன்றும் பாடத்தில் ஒரு வரியாக இடம்பெற்றிருந்தன என்பது உண்மை. ஆனால் அவற்றைக் காதால் கேட்டு அடையாளம் காணும் பயிற்சி மிகக் குறைவாகவே கிடைத்தது. மாதிரி அழைப்புகளில் நடித்தவர்கள் தெளிவான உச்சரிப்போடு, கேட்ட கேள்விக்கு நேரான பதில் சொன்னார்கள். தொலைக்காட்சி ஓடும் அறையில், பக்கத்தில் நின்று மூன்று பேர் திருத்தம் சொல்ல, நோயாளி வேறு ஊரில் இருக்க அவருடைய மகன் அழைக்கும் அழைப்பு ஒன்றுகூட அவற்றில் இல்லை. நோயாளியின் அருகில் இல்லாதவர் அழைக்கும்போது, முடிந்தால் நோயாளியிடமே நேரடியாகப் பேச வேண்டும் என்ற விதியைப் பணிக்கு வந்த பிறகுதான் அதன் முழு எடையோடு புரிந்துகொண்டேன்.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திரை தெளிவாக இருக்கிறது, பாதையை மாற்ற வேண்டுமானால் முன் பதில்கள் அழியாமல் திரும்ப முடிகிறது, ஐயம் ஏற்பட்டால் மருத்துவப் பணியாளரை அழைப்பில் இணைக்கும் வசதி ஒரே பொத்தானில் கிடைக்கிறது. அந்தப் பொத்தானை அழுத்தத் தயங்கக் கூடாது என்று செவிலியர் ஒவ்வொரு நாளும் சொன்னார். தேவைக்கு மேல் வண்டி அனுப்பினால், உண்மையாகவே அது வேண்டிய இன்னொருவர் காத்திருக்க நேரிடும். குறைத்து மதிப்பிட்டால் எதிரில் இருப்பவரே இழப்பார். இந்த இரண்டுக்கும் நடுவே தனியாக நின்று முடிவெடுக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் புதியவர்களுக்குப் பெரும் பலம்.

தேர்வும் தணிக்கையும் நேர்மையாக நடந்தன. எழுத்துத் தேர்வில் தேறினாலும் மாதிரி அழைப்பில் முகவரியை உறுதி செய்யத் தவறியவர் மீண்டும் எழுத வேண்டியிருந்தது. பணியில் சேர்ந்த பின்னும் ஒவ்வொரு மாதமும் என் பதிவுகளில் சிலவற்றைத் தேர்ந்து கேட்டு, மதிப்பெண் இட்டு, என்னை அருகில் உட்காரவைத்து மீண்டும் கேட்கச் செய்கிறார்கள். தன் குரலைத் தானே கேட்பது முதலில் சங்கடமாக இருந்தது. அழைப்பவர் பேசி முடிக்கும் முன்பே நான் அடுத்த கேள்விக்குத் தாவும் பழக்கத்தை அப்படித்தான் கண்டுகொண்டேன்.

பயிற்சி கிட்டத்தட்ட முழுமையாகக் கைவிட்ட பகுதி, கையாளுநரின் மனநலம். கடைசி வாரத்தின் கடைசி மணியில் ஒரு தாளைக் கொடுத்து, தேவைப்பட்டால் ஆலோசகரை அணுகலாம் என்றார்கள். அவ்வளவுதான். ஆம்புலன்ஸில் செல்பவருக்கு நோயாளி பிழைத்தாரா என்பது தெரியும். எங்களுக்கு, வண்டி வந்துவிட்டது என்று யாரோ சொல்லும் கணத்தில் தொடர்பு அறுந்துவிடும். முடிவு தெரியாமலே அடுத்த அழைப்பின் மணி ஒலிக்கும். கடினமான அழைப்புக்குப் பின் சில நிமிடம் எழுந்து போகலாம் என்ற உரிமை எங்களுக்கு இருந்தது என்பதையே மூத்த சகப் பணியாளர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். முதல் வாரத்திலேயே ஒரு நாளை இதற்கென ஒதுக்கி, அனுபவமுள்ளவர்களை வரவழைத்துப் பேசவைத்திருக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் இரண்டாம் மாதமே பணியிலிருந்து விலகினார். திறமையில் அவர் எங்களுள் எவருக்கும் குறைந்தவர் அல்லர்.

இந்தப் பணியில் சேர எண்ணுபவர்கள் தயங்காமல் இதைப் படிக்கலாம். பணியில் சேரும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் மூச்சைப் பற்றிய பாடமும் மார்பு அழுத்தப் பாடமும் ஒரு நாள் வகுப்பாகத் தனியே கிடைத்தால் நன்றாக இருக்கும். ஏற்கெனவே சேர்ந்திருப்பவர்கள், கடைசி இரண்டு வாரச் செவிமடுப்பின்போது ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, அழைப்பவர்கள் தம் உடலைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு புதிய சொல்லையும், அதற்கு அருகில் அமர்ந்தவர் கேட்ட துணைக் கேள்வியையும் எழுதிக்கொள்ளுங்கள். என் குறிப்பேட்டில் இப்போது 64 சொற்கள் இருக்கின்றன. அதன் படியொன்றைப் பயிற்றுநர்களிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த குழுவின் மாதிரி அழைப்புகளில் அவற்றுள் சிலவற்றைச் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.